வழிச்சோறு: வாசகர் கேள்விகளுக்குக் கம்பம் மளிகைக்கடை அக்காவின் பதில்கள்

ஆனி பிறந்து மலையில் சாரல் விழ ஆரம்பித்தாலே கேரளா பக்கம் போய்வருகிறவர்களின் கடிதங்கள் கூடிவிடும். வண்டியில் என்ன வைத்துக்கொள்வது, எத்தனை நாள் தாங்கும், குழந்தைக்கு என்ன கொடுப்பது என்றுதான் பெரும்பாலும் கேட்கிறீர்கள். இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். குமுளி போகிற சாலையில் என் கடை. மலையேறுகிறவர்கள் கடைசியாகச் சாமான் வாங்குவதும், மாட்டிக்கொண்டு இறங்கி வருகிறவர்கள் பசியோடு முதலில் வந்து நிற்பதும் என் கடை வாசலில்தான். அதனால் இது எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம்.

கேள்வி: அக்கா, போன ஆடியில் கோட்டயம் போய்த் திரும்பும்போது குட்டிக்கானத்துக்கு முன்னால் மரம் விழுந்து, ராத்திரி முழுக்கக் காரிலேயே கிடந்தோம். கையில் இருந்தது ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் அரை பாட்டில் தண்ணீரும்தான். பிள்ளைகள் இரண்டு பேர், மாமியாருக்குச் சர்க்கரை வேறு. இந்த வருஷமும் போக வேண்டியிருக்கிறது. காரில் எப்போதும் இருக்கிற மாதிரி என்ன வைத்துக்கொள்ளலாம்?
— எம்.எஸ்., உத்தமபாளையம்

பதில்: முதலில் தண்ணீரைப் பாருங்கள் தங்கச்சி. பசியை ஒரு ராத்திரி தள்ளிவிடலாம். தாகத்தைத் தள்ள முடியாது, அதுவும் பிள்ளைகளையும் பெரியவரையும் வைத்துக்கொண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க 3 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். ஐந்து பேருக்கு 15 லிட்டர். 10 லிட்டர் கேன் ஒன்று, ஆளுக்கு ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் ஒன்று என்று வைத்தால் சரியாக வந்துவிடும். மூணாறு, தேக்கடி பக்கம் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை போட்டிருக்கிறார்கள், அதனால் ஸ்டீல் பாட்டில் எப்படியும் தேவைப்படும். ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடுகிறது என்று பிள்ளைகளை அள்ளிக் குடிக்க விட வேண்டாம். மேலே ஏலத்தோட்டமோ தேயிலைத் தோட்டமோ இருக்கும், மருந்து அடித்திருப்பார்கள். மருந்து கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம், வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு போகிற சாப்பாடு வேறு, மாட்டிக்கொண்டால் எடுக்கிற சாப்பாடு வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் வண்டிப்பெரியாறு வருவதற்குள் பிள்ளைகள் எல்லாவற்றையும் காலி செய்துவிடுவார்கள். அவசரத்துக்கு வைப்பதைத் தனியாக ஒரு எவர்சில்வர் தூக்கிலோ மூடி இறுக்கமான டப்பாவிலோ போட்டு, "இதை யாரும் தொடக் கூடாது" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்துவிடுங்கள்.

அந்த டப்பாவுக்குள் போகிற பொருளை நான் மூன்று விதத்தில் சோதிப்பேன். அடுப்பு கேட்கக் கூடாது. ஃபிரிட்ஜ் கேட்கக் கூடாது. சாப்பிட்ட பிறகு தாகம் எடுக்கக் கூடாது. மூன்றாவதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. உப்புத் தூக்கலான மிக்சர், காராசேவு, நேந்திரங்காய் சிப்ஸ் எல்லாம் வாய்க்கு நன்றாக இருக்கும். இருக்கிற தண்ணீரை எண்ணிக் குடிக்கிற ராத்திரியில் அவை வேண்டாம்.

மூன்றிலும் தேறுவது அவல். கெட்டி அவலில் ஒரு கைப்பிடியைக் கிண்ணத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் விட்டு, கால் மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு அவலை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். நடுவில் கெட்டியாக வெள்ளைப் பொட்டு தட்டுப்படவில்லை என்றால் ஊறிவிட்டது. பிள்ளைகளுக்குப் பொடித்த வெல்லமும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து கொடுங்கள். பெரியவர்களுக்கு உப்பும் பருப்புப்பொடியும், ஒரு சொட்டு நல்லெண்ணெயும் போதும். நெல்லை ஊறப்போட்டு, வறுத்து, சூட்டோடு இடித்துத் தட்டையாக்குவதுதான் அவல். பக்குவமெல்லாம் ஏற்கெனவே முடிந்த பொருள் என்பதால்தான் அதற்குத் தண்ணீர் மட்டும் போதுகிறது. மழைக்காக மெல்லிய அவல் வாங்கி வைக்காதீர்கள். அது சீக்கிரம் ஈரம் இழுத்து நமுத்துப்போகும்.

ஐந்து பேருக்கு ஒரு நாள் தாங்க, கெட்டி அவல் 1 கிலோ, தோலோடு வறுத்த வேர்க்கடலை அரைக் கிலோ, பொட்டுக்கடலை அரைக் கிலோ, பேரீச்சம்பழம் அரைக் கிலோ, வெல்லம் கால் கிலோ. இவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு 2,000 கலோரிக்குக் குறையாது. வேர்க்கடலையை விட்டுவிடாதீர்கள், 100 கிராமில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, வயிறு நெடுநேரம் தாங்கும். பிள்ளைகளுக்குக் கடலைமிட்டாய் நாலு பாக்கெட் போட்டுக்கொள்ளலாம். 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் சேர்ப்பது வெல்லமும் கடலையும்தான், ஈரம் படாமல் வைத்தால் நன்றாகத் தாங்கும்.

மாமியாரின் விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்த்துக்கொட்டுவது, கை நடுங்குவது, பேச்சு குழறுவது, காரணமில்லாமல் எரிந்துவிழுவது, இவையெல்லாம் அதன் அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு அவலோ பொட்டுக்கடலையோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த எண் நம் பக்கமும் கேரளா பக்கமும் ஒன்றுதான். அவருக்காக ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை அவருடைய கைப்பையிலேயே இருக்கட்டும். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதை டேஷ்போர்டில் வைக்காதீர்கள், வெயிலில் கெட்டுவிடும்.

கடைசியாக ஒன்று. இந்த டப்பா டிக்கியில் இருக்கக் கூடாது. கொட்டுகிற மழையில், ராத்திரியில், மலையோரமாக நிற்கிற காரை விட்டு இறங்கிப் போய் டிக்கியைத் திறக்கிற நிலை உங்களுக்கு வர வேண்டாம். பின் சீட்டின் காலடியில் வையுங்கள்.

கேள்வி: காரிலேயே ஒரு மாதமாகக் கிடக்கும் மினரல் வாட்டர் பாட்டிலைக் குடிக்கலாமா?
— ஆர்.கே., சின்னமனூர்

பதில்: மூடி திறக்காததாக இருந்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. தாகத்தில் தவிக்கிற நேரத்தில் தயங்காமல் குடியுங்கள். ஆனால் அதையே வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். வெயிலில் நிற்கிற காருக்குள் சூடு 50 டிகிரியைத் தாண்டிப் போகும், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக்கில் இருக்கிற ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் இறங்கும், வாடையும் ஏறும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். பழையதைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். ஒருமுறை வாய் வைத்துக் குடித்த பாட்டிலை மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

கேள்வி: சாமி சரணம். எங்கள் குழு வருஷா வருஷம் கார்த்திகையில் வேனில் சபரிமலை போகிறது. வீட்டில் புளியோதரை கட்டிக்கொடுக்கிறார்கள். சிலர் மூன்று நாள் தாங்கும் என்கிறார்கள், சிலர் மறுநாளே கூடாது என்கிறார்கள். எது சரி?
— குருசாமி ஒருவர், கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: சாமி சரணம். கலந்த சோறு மூன்று நாள் தாங்காது சாமி. புளிக்காய்ச்சல் தாங்கும். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

வெந்த சோற்றில் ஒரு கிருமி இருக்கிறது. அரிசியிலேயே விதையாக ஒட்டிக்கொண்டிருக்கும், கொதித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் முளைத்துப் பெருகி விஷம் கக்கும். அந்த விஷம் மறுபடி சூடு பண்ணினாலும் போகாது, வாந்தி எடுக்க வைத்துவிடும். புளியின் புளிப்பும் எண்ணெயும் உப்பும் அதன் வேகத்தைக் குறைக்கும், ஒரேயடியாக நிறுத்தாது. ஆகவே காலையில் கிளறிய புளியோதரையை அன்று ராத்திரிக்குள் முடித்துவிடுங்கள். மலைக்குளிரில் மறுநாள் காலை வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

சோற்றை வடித்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுக்க ஆறவிட்ட பிறகுதான் காய்ச்சலைப் போட்டுக் கிளற வேண்டும். சூட்டோடு டப்பாவில் அடைத்தால் மூடியில் ஆவி படிந்து சொட்டும், அந்த ஈரத்தில்தான் முதலில் ஊசும். வறுத்த வேர்க்கடலையைச் சாப்பிடும்போது தூவிக்கொள்ளலாம். தேங்காய் சேர்த்த எதையும் பயணத்துக்குக் கட்டவே வேண்டாம், அதுதான் முதலில் கெடும்.

இதைவிட நல்ல வழி, புளிக்காய்ச்சலைத் தனியாக எடுத்துப் போவது. புளியைக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயைத் தாராளமாகக் காயவைத்து, கடுகு, கடலைப்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு போட்டுச் சின்னத் தீயில் விடுங்கள். முதலில் பெரிய பெரிய கொப்பளமாகத் தளதளவென்று கொதிக்கும். நீர் வற்ற வற்றக் கொப்பளம் சின்னதாகி, மேலே தெறிக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் கரண்டியை விடாமல் கிளற வேண்டும். கடைசியில் கரண்டியால் ஓரத்தை ஒதுக்கினால் அந்தப் பள்ளத்தில் எண்ணெய் மட்டும் வந்து நிற்கும், புளி திரும்ப ஓடி வந்து மூடாது. அதுதான் பதம். அப்போது வறுத்துப் பொடித்த வெந்தயம், மல்லி போட்டு இறக்குங்கள். ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மேலே எண்ணெய் நிற்கும்படி மூடி, ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் உங்கள் யாத்திரை முடிந்து வீடு திரும்புகிற வரை கெடாது. வழியில் அரிசி மட்டும் வடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சீசனில் நம் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குகிறார்கள். கூட்டம் அதிகமான நாளில் நிலக்கல் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே ரோட்டில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும். அந்த நேரத்துக்குக் குழுவில் ஒவ்வொரு சாமிக்கும் ஒரு பாக்கெட் பொரி, பொட்டுக்கடலை, வெல்லத்தைக் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வேனின் மேலே கட்டிய மூட்டையில் இருப்பது அப்போது உதவாது.

கேள்வி: அக்கா, நான் செங்கோட்டையிலிருந்து கொல்லம், கொச்சிக்கு லாரி ஓட்டுகிறேன். வண்டி நின்றுபோனாலோ, கேரளாவில் ஹர்த்தால் என்றாலோ பகல் முழுக்கப் பட்டினிதான். லாரியில் என்ன வைத்துக்கொள்வது?
— ஒரு டிரைவர், புளியரை

பதில்: தம்பி, என் அப்பாவும் லாரிதான் ஓட்டினார். கம்பத்துத் திராட்சையும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கோட்டயத்துக்குப் போவார். அதனால் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

ஹர்த்தாலுக்கு 7 நாள் முன்னாலேயே அறிவிக்க வேண்டும் என்று 2019 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆகவே லோடு ஏற்றும்போதே விசாரித்துக்கொள். பெரும்பாலும் காலை 6 மணி முதல் சாயங்காலம் 6 மணி வரை. அன்று டீக்கடைகூடத் திறக்காது. ஆரியங்காவு, தென்மலை வழியில் நிற்க வேண்டிவந்தால் பக்கத்தில் காடுதான்.

நீங்கள் வைத்திருக்கிற அடுப்புப் பெட்டியில் அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம் எல்லாம் இருக்கும், தெரியும். ஆனால் மழையில் அடுப்பு பற்ற வைக்க இடம் கிடைக்காது. அப்போது சிலர் கேபினுக்குள்ளேயே ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதே, கிளீனர் பையனையும் செய்ய விடாதே. மூடிய இடத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் மாதிரி வந்து ஆளை முடித்துவிடும். என்ஜினை ஓடவிட்டு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு தூங்குவதிலும் அதே ஆபத்து உண்டு.

ஆகவே அடுப்பு வேண்டாத ஒரு டப்பா கேபினில் தனியாக இருக்கட்டும். அவல், வேர்க்கடலை, வெல்லம் மேலே சொன்னதுதான். உனக்கு அதோடு பொரிவிளங்காய் உருண்டை சொல்வேன். பாசிப்பயறு, புழுங்கலரிசி, கோதுமை இவற்றைத் தனித்தனியாகச் சிவக்க வறுத்து அரைத்து, சுக்கு, ஏலம் சேர்த்து, வெல்லப் பாகில் சூட்டோடு பிடிப்பது. ஆறினால் கல்லாக இறுகிவிடும். அதுதான் அதன் பலம், ஈரமே இல்லாததால் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். இரண்டு உருண்டையும் ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு வேளைக்குத் தாங்கும். பல் சரியில்லாதவர்கள் உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டுக் கஞ்சியாகக் குடிக்கலாம்.

டீசல் கேன், கிரீஸ் டப்பா இருக்கிற பக்கம் சாப்பாட்டை வைக்காதே. மாவும் அவலும் வாடையை உடனே இழுத்துக்கொள்ளும், அப்புறம் எதைச் செய்தாலும் போகாது. பிளாஸ்டிக் கவரில் வைத்தால் எலி ஒரே ராத்திரியில் ஓட்டை போட்டுவிடும், எவர்சில்வர்தான் சரி. வண்டி தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033-க்கு அடி. இரண்டு மாநிலத்திலும் அந்த எண்தான்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையோடு கார் பயணம். தாய்ப்பாலும் பவுடர் பாலும் கொடுக்கிறேன். வழியில் மாட்டிக்கொண்டால் தேன் கலந்து ஏதாவது கொடுக்கலாம் என்கிறார் பாட்டி.
— வாசகி, போடி

பதில்: தேன் வேண்டவே வேண்டாம் அம்மா. ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கிற ஒருவகைக் கிருமி விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பைத் தளர்த்தி மூச்சையே நிறுத்திவிடலாம். பாட்டியின் அன்பு புரிகிறது. அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறவருக்கு அதைவிட நல்ல அவசரச் சாப்பாடு குழந்தைக்குக் கிடையாது. நீங்கள் தண்ணீர் குடிப்பதையும் சாப்பிடுவதையும் விடாமல் இருந்தால் போதும். உங்களுக்குத்தான் எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று வீட்டு ஆண்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பவுடர் பாலுக்கு, கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்கில் எடுத்துப் போங்கள். கலக்கும்போது தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும், பிறகு ஆற்றிக் கொடுக்கலாம். ஒவ்வொரு வேளைக்கும் வேண்டிய பவுடரை அளந்து, தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டால் இருட்டில் அளக்கிற வேலை இல்லை. குடித்து மீந்த பாலைக் கொட்டிவிடுங்கள். கொஞ்சமாகச் சாப்பிட ஆரம்பித்த குழந்தை என்றால் நன்றாகப் பழுத்த வாழைப்பழம் ஒன்று மசித்துக் கொடுத்தால் போதும், மலைப்பாதையில் எங்கேயும் கிடைக்கும்.

கேள்வி: பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கிச் சாப்பிடும் ரெடிமேட் பாக்கெட்டுகளை நம்பலாமா?
— பி.எல்., பொள்ளாச்சி

பதில்: நம்பலாம். பல அடுக்குப் பையில் உணவை அடைத்து, காற்றுப் புகாமல் ஒட்டி, 121 டிகிரி அளவுக்கு அழுத்தத்தில் சூடுபடுத்தி எடுப்பார்கள். அதனால் ஃபிரிட்ஜ் இல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும். ராணுவத்துக்காக இந்த மாதிரி உணவுகளை உருவாக்கவே மைசூரில் 1961-லிருந்து ஒரு ஆய்வுக்கூடம் இருக்கிறது. புலாவ், பருப்பு என்று கடையில் இப்படிப் பையில் கிடைப்பவை அந்த வழியில் செய்தவைதான். வெந்நீர் இல்லாவிட்டாலும் பையைக் கிழித்து அப்படியே சாப்பிடலாம், உள்ளே வெந்துதான் இருக்கிறது. பை உப்பியிருந்தால், ஒட்டிய இடம் பிரிந்திருந்தால் வாயில் வைக்காமல் எறிந்துவிடுங்கள். டப்பாவில் வருகிற பாலும் அதே மாதிரிதான், திறக்காத வரை ஃபிரிட்ஜ் வேண்டாம், திறந்தால் சாதாரணப் பால்தான். விலை அதிகம் என்பதால் பெரிய குடும்பத்துக்கு நான் சொல்வதில்லை. இரண்டு பேர் போகிற பயணத்துக்கு வசதியானது.

கேள்வி: சூரியநெல்லியில் சொந்தக்காரர் வீடு. ராத்திரி காரிலேயே சாப்பாட்டுச் சாமானை விட்டுவைக்கலாமா?
— எஸ்.வி., தேவாரம்

பதில்: அந்தப் பக்கம் வேண்டாம். சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் யானை 2023 மே மாதம் எங்கள் கம்பம் தெருவிலேயே நடந்து வந்ததைப் பார்த்தோமே. அதைப் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள், ஆனால் அந்த மலையில் மற்ற யானைகள் இருக்கின்றன. அரிசி, வெல்லம், உப்பு, பலாப்பழம், வாழைப்பழம் எல்லாவற்றின் வாடையும் யானைக்கு வெகுதூரம் போகும். ராத்திரி எல்லாவற்றையும் வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுங்கள். போடிமெட்டு வளைவுகளில் நிறுத்திக் குரங்குக்குப் போடுவதும் வேண்டாம். ஒருமுறை போட்டால் அடுத்த வண்டியின் கண்ணாடியில் வந்து தொங்கும்.

கேள்வி: நான் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிற கூலிக்காரி. விடிவதற்கு முன்னால் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. வழியில் ஜீப் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. காரில் போகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரி எங்களால் வாங்கி வைக்க முடியாது.
— ஒரு வாசகி, கம்பம் பக்கம்

பதில்: முடியும் தாயி, கொஞ்சமாகச் செய்தால் போதும். உங்கள் தூக்குச்சட்டி மதியமே காலியாகிவிடும் என்று தெரியும். அதைத் தவிர, பழைய துணியில் ஒரு சின்னச் சுருக்குப்பை தைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு துண்டு வெல்லம், ஒரு துண்டு சுக்கு, ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கவர். இடுப்பில் செருகிக்கொள்கிற அளவுதான் இருக்கும். சாயங்காலத் திரும்புகாலுக்கு என்று ஒரு பாட்டில் தண்ணீரைத் தொடாமல் வைத்திருங்கள். மழையில் நனைந்து நடுங்கினால் வெல்லத்தையும் சுக்கையும் வாயில் அடக்கிக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், குறைத்தால் கெடுதல். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. பெட்டிக்கடையில் பழச்சாறு மாதிரி டப்பாவில் விற்கிற இனிப்புத் தண்ணீர் இதற்குப் பதிலாகாது.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் எல்லை அடைபட்டபோது நம் பெண்கள் பலர் தோட்டங்களிலிருந்து மலைப்பாதையில் நடந்தே இறங்கி வந்தார்கள். கால் வீங்கி, உதடு வெடித்து வந்தவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஒரு ஜீப்பில் அத்தனை பேரை நெருக்கி ஏற்றும் டிரைவர்களிடமும் தோட்டக்காரர்களிடமும் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜீப்புக்கு ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேனும் ஒரு டின் அவலும் கடலையும் போட்டு வையுங்கள். அந்தச் செலவு ஒரு நாள் ஏலக்காய் வரும்படியில் கண்ணுக்கே தெரியாது. உங்கள் தோட்டத்தை நடத்துவது இந்தப் பெண்களின் கைதான்.

நீங்களும் ஜீப்பில் கூட வருகிறவர்களோடு பேசி, ஆளுக்கு வாரம் 5 ரூபாய் போட்டு ஒரு டின் ஏற்பாடு செய்யலாம். கம்பத்தில் இருந்தால் என் கடைக்கு வாருங்கள், நான் அடக்க விலைக்கே கட்டித் தருகிறேன்.

கேள்வி: இவ்வளவும் வாங்கி வைத்துவிட்டால் எப்போது மாற்ற வேண்டும்?
— கே.ஜி., குமுளி

பதில்: வேர்க்கடலைதான் முதலில் கெடும். அதில் எண்ணெய் அதிகம், காரின் சூட்டில் காறல் வாடை ஏறிவிடும். ஒன்றைக் கடித்துப் பாருங்கள், தொண்டையில் கசந்து பிடித்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதுதான். கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மொத்த டப்பாவையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டுங்கள். அவலை உப்புமா செய்யுங்கள், கடலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், வெல்லம் பாயசத்துக்கு. ஒன்றும் வீணாகாது. டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்து, அடியில் இரண்டு வற்றல் மிளகாயும் கொஞ்சம் வசம்பும் துணியில் முடிந்து போட்டு, புதுச் சாமானை நிரப்புங்கள். மூடியின் உள்பக்கம் ஒரு தாளில் தேதி எழுதி ஒட்டிவிடுங்கள். குமுளியில் ஈரப்பதம் அதிகம் என்பதால் உங்களுக்கு மட்டும் மழைக்காலத்திலும் இரண்டு மாதம்தான் கணக்கு.